எச்.ஐ.வி. உள்ளவர்களைப் பார்த்துக்கொள்ளும் செவிலியர்: நெல்லைச் சீமையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நர்சிங் படிக்கிற பிள்ளைகள், புதிதாக வார்டுக்கு வந்த ஸ்டாஃப் நர்ஸ்கள், வீட்டில் ஒருவருக்கு எச்.ஐ.வி. என்று தெரிந்து கலங்கிப்போன குடும்பத்தார் ஆகிய மூன்று தரப்பும் என்னிடம் கேட்டவற்றைத்தான் இங்கே சேர்த்திருக்கிறேன். வைரஸ் எப்படிப் பெருகுகிறது என்பது எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. வார்டில் நிற்கும்போது வரும் சந்தேகங்கள் வேறு மாதிரி. மருந்து இன்று லேசாகிவிட்டது, ஊர்வாய் மட்டும் அப்படியே இருக்கிறது. திருநெல்வேலி, தென்காசிப் பக்கம் இந்த வேலையைச் செய்கிற செவிலியருக்குப் பாதிக்கு மேல் பாடு அந்த ஊர்வாயோடுதான்.

எச்.ஐ.வி. என்றாலே சாவு என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, இப்போது என்ன மாறிவிட்டது?

நிறைய மாறிவிட்டது. இந்தியாவில் இந்தக் கிருமி முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986இல், நம் சென்னையில். மெட்ராஸ் மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனும் அவரிடம் படித்த நிர்மலாவும் சேர்ந்து கண்டுபிடித்தார்கள். அப்போது கொடுக்க மருந்து எதுவும் இல்லை. கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை அரசு இலவசமாகக் கொடுக்கத் தொடங்கியது 2004 ஏப்ரல் 1இல். தமிழ்நாட்டில் அதற்குப் பெயர்போன இடம் தாம்பரம் ஆஸ்பத்திரி. நம் பக்கத்து ஆட்கள் ராத்திரி ரயில் ஏறி அங்கே போய் வந்த காலம் உண்டு.

அந்தக் காலத்து மருந்துகளில் ஸ்டாவுடின் என்று ஒன்று. உயிரைக் காப்பாற்றியது, ஆனால் கன்னம் ஒட்டி முகம் குழிந்துபோகும். மாத்திரையைப் பெட்டிக்குள் பூட்டி வைத்தும் பயனில்லை, முகமே காட்டிக்கொடுத்துவிடும். இப்போது அது வழக்கில் இல்லை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூன்றும் சேர்ந்த ஒரே மாத்திரை, நாளைக்கு ஒரு தடவை. உடலின் எதிர்ப்புச் சக்தியைக் காட்டும் சி.டி.4 அணுக்களின் எண்ணிக்கை குறையட்டும் என்று காத்திருப்பதும் 2017இலேயே போய்விட்டது. தொற்று உறுதியானால் உடனே மருந்துதான். நேரத்தோடு ஆரம்பித்து விடாமல் சாப்பிடுகிறவர் பேரன் பேத்தி எடுக்கிற வயது வரை இருப்பார். சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் கூடவே வரும் சீக்கு.

ஆலோசகர் தனியாக இருக்கிறார், மருந்தாளுநர் இருக்கிறார். அப்புறம் நர்ஸுக்கு என்ன வேலை?

கூட்டு மருந்து கொடுக்கும் ஏ.ஆர்.டி. மையத்தில் நோயாளி உள்ளே வந்ததும் முதலில் பார்ப்பது செவிலியரைத்தான். எடை, ரத்த அழுத்தம், காய்ச்சல் பார்க்க வேண்டும். இருமல் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். முடியாமல் வருகிறவரை வரிசையில் காக்க வைக்காமல் முன்னால் அனுப்ப வேண்டும். நோயாளியின் சிகிச்சைக் குறிப்பு உள்ள பச்சைப் புத்தகத்தைப் புரட்டி, போன தடவை வந்த தேதி சரிதானா, வைரஸ் அளவுப் பரிசோதனைக்கு நாள் ஆகிவிட்டதா என்று பார்க்க வேண்டும். மருந்து தொடங்கி 6ஆம் மாதம், 12ஆம் மாதம், பிறகு ஆண்டுக்கு ஒரு முறை அந்தப் பரிசோதனை.

இவையெல்லாம் எழுத்தில் உள்ள வேலை. எழுத்தில் இல்லாதது ஒன்று உண்டு, எடை இயந்திரத்தின் மேல் நிற்கும் அந்த அரை நிமிடம். இரண்டு கிலோ குறைந்திருந்தால் "என்னக்கா, வீட்டில ஏதும் பிரச்சினையா?" என்று கேளுங்கள். மருத்துவரின் மேசைக்கு முன்னால் வராத விஷயம் அங்கே வந்துவிடும். மகன் கல்யாணத்துக்குக் கடன் வாங்கியது, வீட்டுக்காரர் மறுபடி குடிக்க ஆரம்பித்தது, இரண்டு மாதமாக ராத்திரியில் வியர்த்துக் கொட்டுவது எல்லாம் அங்கேதான் வெளியே வரும்.

எச்.ஐ.வி. நோயாளி என்று தெரிந்தால் கூடுதலாக என்ன பாதுகாப்பு?

ஒன்றும் கூடுதல் இல்லை. பதில் இவ்வளவுதான் என்றாலும் நம்ப வைப்பது கஷ்டம்.

ரத்தமும் உடல் நீர்களும் படுகிற வேலையில் கையுறை எல்லா நோயாளிக்கும் போட வேண்டும். தெறிக்கும் வேலைக்குக் கண்ணாடியும் மாஸ்க்கும், அதுவும் எல்லோருக்கும். "இவருக்கு மட்டும்" என்று இரண்டு கையுறை போடுகிறவர் அடுத்த கட்டிலில் பரிசோதனையே செய்யாமல் படுத்திருப்பவரிடம் வெறுங்கையோடு போகிறார் என்றால், ஆபத்து எங்கே என்பது அவருக்குப் புரியவில்லை. ஊசியின் மூடியைத் திரும்பப் போடுவதை முதலில் நிறுத்துங்கள். ஊசியை வெட்டும் ஹப் கட்டரில் வெட்டி, குத்தினாலும் ஓட்டை விழாத வெள்ளை டப்பாவில் போட வேண்டும். ரத்தம் பட்ட பஞ்சு மஞ்சள் பையில், சலைன் குழாய் மாதிரி பிளாஸ்டிக் சிவப்புப் பையில். தரையில் ரத்தம் சிந்தினால் 1 சதவீத ஹைப்போகுளோரைட் ஊற்றி, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைக்க வேண்டும்.

கேஸ் ஷீட்டின் மேல் சிவப்பு மையில் எழுதுவது, கட்டிலில் அட்டை தொங்கவிடுவது, "அந்த பேஷண்ட்" என்று கண்ணைச் சிமிட்டிக் காட்டுவது எதுவும் கூடாது. நோயாளியைப் பார்க்க வரும் சொந்தக்காரர்களில் படித்தவர் ஒருவர் இருப்பார், அந்த அட்டையை அவர் வாசித்துவிடுவார். மறுநாள் ஊருக்கே தெரிந்துவிடும்.

கையில் ஊசி குத்திவிட்டது. ராத்திரி இரண்டு மணி. என்ன செய்ய?

பதறாமல் குழாயடிக்குப் போங்கள். ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பிதுக்கக் கூடாது, வாயில் வைத்து உறிஞ்சக் கூடாது, டெட்டால், ஸ்பிரிட், பிளீச்சிங் எதுவும் ஊற்றக் கூடாது. கண்ணில் தெறித்திருந்தால் வெறும் தண்ணீரால் நன்றாக அலசினால் போதும், சோப்பு வேண்டாம்.

அப்புறம் உடனே பொறுப்பு மருத்துவரிடம் சொல்லுங்கள். காலையில் சொல்லிக்கொள்ளலாம், ஹெட் நர்ஸ் திட்டுவார் என்றெல்லாம் யோசித்து நேரத்தைக் கடத்த வேண்டாம். தடுப்பு மருந்தின் முதல் வேளையை இரண்டு மணி நேரத்துக்குள் போட்டுக்கொள்வது உத்தமம். 72 மணி நேரம் தாண்டினால் பலன் இல்லை. மொத்தம் 28 நாள். அன்றே உங்கள் ரத்தத்தையும் எடுத்துப் பார்ப்பார்கள். 6 வாரம், 3 மாதம், 6 மாதத்தில் மறுபடி. அதுவரை ஆணுறை பயன்படுத்த வேண்டும், ரத்ததானம் கூடாது.

கணக்கையும் தெரிந்துகொள்ளுங்கள். எச்.ஐ.வி. உள்ள ரத்தம் பட்ட ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு சுமார் 0.3 சதவீதம், அதாவது ஆயிரத்தில் மூன்று. அந்த நோயாளி ஒழுங்காக மருந்து சாப்பிடுகிறவர் என்றால் அதைவிடவும் குறைவு. ஹெபடைட்டிஸ் பி கிருமிக்கோ, தடுப்பூசி போடாதவரிடம் இது 30 சதவீதம் வரை போகும். எச்.ஐ.வி.க்கு நடுங்குகிறவர்களில் பலர் ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசியின் மூன்றாவது டோஸைப் போடாமல் விட்டிருப்பார்கள். போய்ப் போட்டுக்கொள்ளுங்கள்.

மாத்திரை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"ஒழுங்கா சாப்பிடுதீங்களா?" என்று கேட்டால் "ஆமா சிஸ்டர், ஒரு நாள்கூட விடலை" என்றுதான் வரும். அந்தக் கேள்விக்கு வேறு பதிலே கிடையாது. "போன வாரம் எந்த நாள் விட்டுப்போச்சு?" என்று கேட்டுப் பாருங்கள். விடுவது சகஜம் என்று நாமே சொல்லிவிட்டதால் வாய் திறப்பார்கள். டப்பாவைக் கொண்டுவரச் சொல்லி எண்ணுவதும் உண்டு. 30 மாத்திரை வாங்கி 28ஆம் நாள் வந்தால் இரண்டு மிச்சம் இருக்க வேண்டும். மாதத்தில் ஒன்றுக்கு மேல் விட்டால் கவனிக்க வேண்டும்.

ஏன் விடுகிறார்கள் என்று கேட்டால் கிடைக்கும் காரணங்கள் எந்தக் கையேட்டிலும் இருக்காது. இங்கே பெரிய காரணம் கொடை என்கிற கோயில் திருவிழா. சித்திரையிலிருந்து ஆடி வரை ஊர் ஊராக அம்மன் கொடை, சுடலை கொடை. சொந்த ஊருக்குப் போவார்கள். ஒரே வீட்டில் இருபது பேர் படுத்திருப்பார்கள், வில்லுப்பாட்டும் கணியான் கூத்தும் விடிய விடிய நடக்கும். அத்தனை பேர் நடுவில் பையைத் திறந்து டப்பாவை எடுக்க முடியாது. ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனார் கோயிலில் குடில் போட்டுத் தங்குகிறவர்களுக்கும் இதே கதை. கொடைக்கு முந்திய மாதம் வரும்போதே "எந்த ஊரு, எத்தனை நாள், யார் கூடப் படுப்பீங்க?" என்று கேட்டு வைப்பது நல்லது.

முக்கூடல் பக்கத்துப் பீடி சுற்றும் அக்கா ஒருவர் டப்பாவின் லேபிளைக் கிழித்துவிட்டு, உள்ளே பஞ்சு திணித்து வைத்திருந்தார். பஸ்ஸில் வரும்போது மாத்திரை கலகலவென்று சத்தம் போடக் கூடாது என்பதற்காகவாம். வீட்டில் டப்பா இருப்பது பீடி சுற்றும் சொளவுக்கு (முறத்துக்கு)ப் பக்கத்தில், இலைக்கட்டுக்கு அடியில். வேலை முடிந்து சொளவை எடுத்து வைக்கும்போது போட்டுக்கொள்வார். நேரம் தவறவே தவறாது. இந்த யோசனையை அவர் பெயரைச் சொல்லாமல் பலருக்கு நான் சொல்லியிருக்கிறேன். டப்பாவுக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மட்டும் எடுத்து எறிந்துவிட வேண்டாம்.

மேலப்பாளையத்திலிருந்து வருகிறவர்கள் நோன்பு மாதத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். நாளைக்கு ஒரே மாத்திரைதானே, நோன்பு திறந்தபின் ஒரு நேரத்தை வைத்துக்கொண்டால் சரி.

இன்னொன்று, இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம், வயிற்றுப்புண்ணுக்குக் குடிக்கும் வெள்ளை மருந்து மூன்றும் டோலுடெக்ராவிர் உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். கூட்டு மருந்தைச் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துத்தான் இவற்றைச் சாப்பிட வேண்டும். இவற்றை முதலில் சாப்பிட்டுவிட்டால் ஆறு மணி நேரம் போக வேண்டும். கர்ப்பிணிக்குச் சத்து மாத்திரை கொடுக்கும் கிராம சுகாதாரச் செவிலியருக்கு அவர் வேறு மாத்திரை சாப்பிடுவது தெரியாமல் இருக்கலாம். ஆகவே "சத்து மாத்திரை காலையில, இது ராத்திரி" என்று நோயாளிக்கே பழக்கிவிடுவது எளிது.

நாட்டு மருந்தில் குணமாகும் என்கிறார்களே? ஜெபத்தில் குணமானதாகச் சாட்சி சொல்கிறார்களே?

பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியே இருக்கும் ஊர் நம்முடையது. நாட்டு மருந்தை இளக்காரமாகப் பேசினால் அடுத்த மாதம் அந்த நோயாளி வர மாட்டார். முறையாகப் படித்த சித்த மருத்துவர் யாரும் கூட்டு மருந்தை நிறுத்தச் சொல்வதில்லை. "மூன்று மாதத்தில் நெகட்டிவ் ஆக்கித் தருகிறேன்" என்று ஆயிரக்கணக்கில் பணம் கேட்கிறவர் யார் என்பதைத்தான் பார்க்க வேண்டும். ஜெபமும் அப்படியே. "ஜெபம் பண்ணுங்க, மாத்திரையையும் போடுங்க, ரெண்டுக்கும் சண்டை இல்லை" என்றால் பெரும்பாலும் தலையாட்டுவார்கள். மருந்தை நிறுத்தினால் அடங்கிக் கிடந்த கிருமி சில வாரங்களில் திரும்பப் பெருகிவிடும். விட்டு விட்டுச் சாப்பிட்டாலோ மருந்துக்கே கட்டுப்படாமல் போகலாம்.

பிரசவ வார்டில் நர்ஸ் கவனிக்க வேண்டியது என்ன?

தாய்க்கு மருந்தே கொடுக்காவிட்டால் குழந்தைக்குத் தொற்றும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம். தாய்க்குக் கூட்டு மருந்தும் குழந்தைக்குத் தடுப்பு மருந்தும் ஒழுங்காகக் கிடைத்தால் 5 சதவீதத்துக்குக் கீழே வந்துவிடும். நம் வேலையில் இவ்வளவு கண்கூடாகப் பலன் தெரிகிற இடம் வேறு இல்லை.

பனிக்குடத்தைத் தேவையில்லாமல் முன்கூட்டி உடைக்கக் கூடாது. குழந்தை பிறந்ததும் துடைத்து, நெவிரபைன் சொட்டு மருந்தை அன்றே தொடங்க வேண்டும். குறைந்தது 6 வாரம், சில குழந்தைகளுக்கு மருத்துவர் 12 வாரம் சொல்வார், இன்னொரு மருந்து சேர்ப்பதும் உண்டு. 6 வாரத்தில் குதிகாலில் குத்தி, அட்டையில் ரத்தச் சொட்டு எடுத்து அனுப்புவார்கள். தாயின் எதிர்ப்புப் பொருள் குழந்தையின் ரத்தத்தில் ஒன்றரை வயது வரை தங்கும் என்பதால் கடைசி முடிவு 18 மாதத்தில்தான். அந்தப் பதினெட்டு மாதமும் தாயோடு பேச்சு விட்டுப்போகாமல் வைத்திருப்பது செவிலியர் பொறுப்பு.

தாய்ப்பால் கொடுக்கலாமா என்றால் கொடுக்கலாம். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும். தாய்ப்பாலோடு மாட்டுப்பாலும் பவுடர் பாலும் கலந்து கொடுப்பதுதான் மோசம். குடலின் உட்பரப்பு புண்பட்டுக் கிருமி நுழைய வழி கிடைத்துவிடும்.

இங்கேதான் சேனை வருகிறது. குழந்தை பிறந்த செய்தி கேட்டதும் ஆச்சி சர்க்கரைத் தண்ணீரோடு வாசலில் நிற்பார். குடும்பத்தில் நல்ல குணமுள்ள ஒருவர் கையால் நாக்கில் வைக்க வேண்டும் என்பது வழக்கம். ஆச்சிக்கு மருமகளின் விஷயம் தெரியாது, தெரியவும் கூடாது. அவரிடம் மருத்துவக் காரணம் சொல்ல ஆரம்பித்தால் "அதென்ன இவளுக்கு மட்டும்?" என்ற கேள்வி கிளம்பிவிடும். அதனால் வார்டில் உள்ள எல்லா ஆச்சிகளையும் ஒரே நேரத்தில் உட்கார வைத்து, "இப்ப எந்தப் பிள்ளைக்கும் சேனை கிடையாது ஆச்சி, சீம்பால்தான் சேனை, பெரிய டாக்டர் உத்தரவு" என்று பொதுவாகச் சொல்லிவிட வேண்டும். அது உண்மையும்கூட, எந்தப் பிறந்த குழந்தைக்கும் சர்க்கரைத் தண்ணீர் தேவையில்லை. ஆச்சிகள் முணுமுணுப்பார்கள், அவ்வளவுதான்.

இருமலுக்கு ஏன் இவ்வளவு பதற்றம்?

எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைக் கொண்டுபோவதில் டி.பி.தான் முன்னணி. ஒவ்வொரு வருகையிலும் நான்கு கேள்வி: இருமல், காய்ச்சல், எடை குறைவு, ராத்திரி வியர்வை. ஒன்றுக்கு "ஆமாம்" என்றாலும் மாஸ்க் கொடுத்து, காற்றோட்டமான இடத்தில் உட்கார வைத்து, சளிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். நான்கும் "இல்லை" என்றால் டி.பி. வராமல் தடுக்கும் மாத்திரை உண்டு. டி.பி.க்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்து சாப்பிடுகிறவருக்கு, கூட்டு மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்து டோலுடெக்ராவிர் மட்டும் உள்ள இன்னொரு மாத்திரையும் வேண்டும். இந்த இரண்டாவது மாத்திரை விட்டுப்போவது அதிகம், கேட்டு உறுதி செய்யுங்கள்.

"எங்க மைனிக்கு என்ன சீக்கு, சிஸ்டர்?" என்று சொந்தக்காரர் கேட்டால்? கணவரிடமாவது சொல்லலாம் அல்லவா?

கூடாது. 2017இல் இயற்றி 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ள எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. சம்பந்தப்பட்டவரின் சம்மதம் இல்லாமல் யாரிடமும் சொல்ல முடியாது. வாழ்க்கைத் துணையிடம் சொல்லும் அதிகாரம் மருத்துவருக்கும் ஆலோசகருக்கும் மட்டும், அதுவும் நோயாளிக்கு முதலில் ஆலோசனை கொடுத்து, அவர் சொல்லப் போவதில்லை என்று தெரிந்து, தாங்கள் சொல்லப்போவதை அவருக்கு அறிவித்த பிறகு. செவிலியருக்கு அந்த அதிகாரம் இல்லை. சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டுத் துரத்துவார்கள் என்று அஞ்சத்தக்க நிலையில் உள்ள பெண்களின் விஷயத்தில் மருத்துவரும் சொல்லக் கூடாது என்கிறது சட்டம்.

சொந்தக்காரரிடம் "டாக்டர்கிட்ட கேளுங்க" என்று மழுப்பினால் சந்தேகம் கூடும். "யாரு வீட்டு விஷயத்தையும் நான் சொல்றதில்லை அண்ணாச்சி, நாளைக்கு உங்க விஷயத்தையும் இப்படித்தான் வச்சிருப்பேன்" என்று நான் சொல்வேன். அண்ணாச்சிக்கும் எங்கேயோ ஒரு ரகசியம் இருக்கும், சிரித்துவிட்டுப் போய்விடுவார்.

மையத்துக்கு வெளியே, ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டிலோ கல்யாண வீட்டிலோ நோயாளியைப் பார்த்தால் நாமாக வணக்கம் வைக்கக் கூடாது. அவர் பேசினால் பேசலாம். தென்காசிக்காரர் பாளையங்கோட்டை ஐகிரவுண்டு அரசு ஆஸ்பத்திரிக்கும், திருநெல்வேலிக்காரர் தூத்துக்குடிக்கும் மருந்து வாங்கப் போவது தெரிந்த முகத்துக்குப் பயந்துதான்.

வீட்டில் தட்டு, துணி, கழிவறை தனியாக வேண்டுமா? கொசு கடித்தால்?

வேண்டாம். கொசுவாலும் வராது. சவரக் கத்தியும் பல் துலக்கும் பிரஷும் மட்டும் தனி, அது எல்லா வீட்டிலும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

கல்யாணம், குழந்தை?

தாராளமாக. மருந்தை விடாமல் சாப்பிட்டு வைரஸ் அளவு கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து, அப்படியே நீடித்தால் உடலுறவு மூலம் துணைக்குத் தொற்றாது. இதை நோயாளியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். எத்தனையோ பேர் பத்து வருஷமாக மருந்து வாங்கியும் இதை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

ஆபரேஷனுக்குப் போன இடத்தில், ரிசல்டைப் பார்த்ததும் "வேறு ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்கிறார்கள். நர்ஸால் என்ன செய்ய முடியும்?

எனக்குத் தெரிந்த ஒருவருக்குக் குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் குறித்து, வெறும் வயிற்றோடு வரச் சொல்லி, கடைசி நேரத்தில் "மயக்க மருந்து டாக்டர் லீவு" என்றார்கள். அடுத்த வாரமும் அதே லீவு. காரணத்தை யாரும் வாயால் சொல்வதில்லை. மேலே சொன்ன எச்.ஐ.வி. சட்டப்படி, எச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுப்பது தடைசெய்யப்பட்ட பாகுபாடு. அது தனியார் ஆஸ்பத்திரிக்கும் பொருந்தும், புகாரைக் கேட்க மாநில அரசு நியமிக்கும் குறைதீர்ப்பாளர் உண்டு. நடைமுறையில் முதலில் செய்ய வேண்டியது, மறுத்ததை எழுத்தில் தரும்படி கேட்கச் சொல்வது. எழுதித் தர யாரும் துணிவதில்லை, திடீரென்று மயக்க மருந்து டாக்டர் லீவு முடிந்து வந்துவிடுவார்.

இறந்தவரின் உடலைக் குளிப்பாட்டலாமா?

குளிப்பாட்டலாம், அதற்குத் தண்ணீர் எடுத்து வரும் நீர்மாலைச் சடங்கும் செய்யலாம். கசிவு உள்ள இடங்களில் பஞ்சு வைத்துக் கட்டி அனுப்புவது நம் வேலை. குளிப்பாட்டுகிறவர் கையுறை போட்டால் போதும். பிளாஸ்டிக்கில் சுற்றி, முகத்தைக்கூடக் காட்டாமல் அனுப்பத் தேவையில்லை. அப்படிச் செய்தால் வாழும்வரை காத்த ரகசியம் நடுவீட்டில் உடைந்துபோகும்.

நர்ஸுக்கே எச்.ஐ.வி. இருந்தால் வேலை பார்க்கலாமா?

பார்க்கலாம். அந்தக் காரணத்தைச் சொல்லி வேலையிலிருந்து நீக்குவதைச் சட்டம் தடுக்கிறது. நம் சகாக்களில் அப்படி ஒருவர் இருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு டியூட்டி ரூமில் பேசுவது நல்லது.

பரிசோதனைக்கு எங்கே போவது?

அரசு ஆஸ்பத்திரிகளில் உள்ள நம்பிக்கை மையத்துக்கு. இலவசம், முடிவு ரகசியம். முதல் சோதனையில் தொற்று என்று வந்தால் வேறு இரண்டு கிட்டிலும் பார்த்துத்தான் உறுதி சொல்வார்கள். சந்தேகப்படும் சம்பவம் சமீபத்தில் நடந்தது என்றால் மூன்று மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நேரில் போகத் தயங்குகிறவர்கள் 1097க்குப் போன் செய்யலாம். காசு கிடையாது, தமிழில் பேசலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை.